படம் எங்கே இருக்கிறது, எப்படித் தெரிகிறது: கடை சாஃப்ட்வேரில் பொருள் படங்கள்

சேலம் செவ்வாய்பேட்டை கொலுசுக் கடைகளிலும் இளம்பிள்ளை சேலை மொத்தக் கடைகளிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. “டிசைன் போட்டோ எல்லாம் சாஃப்ட்வேர்ல ஏத்தியாச்சுங்க.” அடுத்த மாதமே, “போட்டோ ஏத்துனதுல இருந்து சிஸ்டம் ரொம்ப ஸ்லோ.” அதற்கும் அடுத்த மாதம், “கேஷ் கவுண்டர் சிஸ்டத்துல தெரியுது, மாடியில இருக்கறதுல தெரியலீங்க.”

மூன்றையும் ஒரே நோயாக நினைத்து, ‘சாஃப்ட்வேர் சரியில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். ‘ஏத்தியாச்சு’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன. படம் எங்கே தங்குகிறது என்பது ஒன்று. பொருளின் விவரம் அந்தப் படத்தை எப்படி அடையாளம் காண்கிறது என்பது இரண்டு. திரையில் அது எப்படி வந்து நிற்கிறது என்பது மூன்று. ஒவ்வொன்றும் தனியாகக் கெட்டுப்போகும், மருந்தும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

பேரேட்டில் கொலுசைக் கட்டி வைப்போமா?

ஒரு ஸ்டாக் பேரேட்டை எண்ணிப் பாருங்கள். 00417 என்ற எண், எடை 62 கிராம், டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, அளவு 10 இஞ்ச், எந்தப் பட்டறையில் இருந்து வந்தது, எல்லாம் ஒரே வரியில். அந்த வரிக்கு நேராக அந்தக் கொலுசையே நூல் போட்டுக் கட்டி வைத்தால் என்ன ஆகும்? நாலாவது பக்கத்திலேயே பேரேடு மூட வராது. யாரோ ஒருவர் எடையை மட்டும் கேட்டாலும், கட்டியிருக்கிற வெள்ளி அத்தனையையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். அதனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. ‘4-ஆம் அலமாரி, 2-ஆம் தட்டு’ என்று வரியில் எழுதிவிட்டு, கொலுசைத் தட்டில் வைக்கிறோம்.

டேட்டாபேஸ் என்பது அந்தப் பேரேடுதான், கணினி தேடித் தரும் பேரேடு. அதில் ஒரு வகை விவரங்களுக்கான பக்கத்தை டேபிள் என்பார்கள். ஒரு வரி ஒரு ரெக்கார்ட். வரிக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டமும், அதாவது எடை, அளவு, விலை என்பவை, ஒவ்வொரு ஃபீல்டு. இந்த நாலு சொல் போதும், மேலே போகலாம்.

00417-இன் எழுத்து விவரம் முழுவதும் சுமார் 200 பைட் இடத்தில் அடங்கிவிடும். பைட் என்பது கணினி இடத்தை அளக்கும் சின்ன அலகு, ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒன்று. அதே கொலுசைப் போனில் எடுத்த போட்டோ சாதாரணமாக 4 எம்பி, அதாவது சுமார் 40 லட்சம் பைட். 20,000 கொலுசுகளின் விவரம் பிடிக்கும் இடத்தை ஒரே ஒரு போட்டோ பிடித்துக்கொள்கிறது. ‘சும்மா ஒரு படம்தானே’ என்று சேர்ப்பது இந்தப் பாரத்தைத்தான்.

உள்ளேயே வைக்கும் வழி

படத்தின் பைட் முழுவதையும் ரெக்கார்டுக்குள்ளேயே ஒரு ஃபீல்டில் திணிக்கலாம். இப்படிப்பட்ட ஃபீல்டுக்குப் பொதுப் பெயர் ப்ளாப். எண்ணும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல், பிரித்துப் பார்க்காமல் அப்படியே வைக்கும் மூட்டை என்று புரிந்துகொள்ளுங்கள். டேட்டாபேஸுக்கு அது கொலுசா சேலையா என்று தெரியாது. கொடுத்ததைத் திருப்பித் தரும், அவ்வளவுதான்.

இதில் நல்லது இருக்கிறது. எல்லாம் ஒரே கோப்பு. நகல் எடுத்தால் படமும் கூடவே வரும். ரெக்கார்டை அழித்தால் படமும் போகும், அனாதையாக எதுவும் மிஞ்சாது.

கெட்டது இடத்தில் தொடங்குகிறது. 1,500 டிசைன், டிசைனுக்கு 3 போட்டோ, போட்டோவுக்கு 4 எம்பி என்றால் 18,000 எம்பி, அதாவது 18 ஜிபி. சிறு கடைகள் பலவற்றில் ஓடும் மைக்ரோசாஃப்ட் அக்சஸில் ஒரு டேட்டாபேஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. இந்தக் கணக்கில் சுமார் 500 போட்டோவிலேயே அது நிரம்பிவிடும். இலவசமாகக் கிடைக்கும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸின் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான். அதுவும் பாதி வழியில் நின்றுவிடும்.

அக்சஸில் இன்னொரு பழைய பொறி உண்டு. ஓஎல்இ ஆப்ஜெக்ட் என்ற ஃபீல்டில் படத்தை ஒட்டினால், படத்தோடு அதன் சுருக்கப்படாத நகல் ஒன்றையும் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்த நகல் மூலப் படத்தைப்போல் 10 மடங்கு வரை போகலாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதியிருக்கிறது. அதோடு, ஒட்டிய கணினியில் இருந்த படம் பார்க்கும் புரோகிராம் இன்னொரு கணினியில் இல்லையென்றால், கொலுசு தெரிய வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஐகான் மட்டும் வந்து நிற்கும். 2007 பதிப்பில் வந்த அட்டாச்மெண்ட் ஃபீல்டு இந்த இரண்டு தொல்லையையும் நீக்கியது. 2 ஜிபி எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் மாட்டும் இடம் வேறு. அதில் ப்ளாப் என்றே பெயர் உள்ள ஃபீல்டு வகை 65,535 பைட் வரைதான் பிடிக்கும், அதாவது 64 கேபி. பழைய தளர்வான அமைப்பில் 200 கேபி படத்தைக் கொடுத்தால், சேமித்துவிட்டதாகவே சொல்லும். ஆனால் மூன்றில் ஒரு பங்கோடு வெட்டிவிட்டிருக்கும். சாதாரண ஜேபெக் படம், அதாவது ஜேபிஜி என்று முடியும் கோப்பு, மேலிருந்து கீழாக எழுதப்படுவது. அதனால் திறந்து பார்த்தால் கொலுசின் திருகாணியும் மேல் சங்கிலியும் பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே சலங்கை வர வேண்டிய இடம் முழுக்க வெறும் சாம்பல் நிறம். இதைப் பார்த்துக் கேமராவையும் கேபிளையும் சந்தேகிப்பது வீண். அந்த ஃபீல்டை மீடியம் ப்ளாப் வகைக்கு மாற்றினால் 16 எம்பி வரை பிடிக்கும். ஆனால் வெட்டுப்பட்ட படங்கள் மீளாது, அவற்றைத் திரும்ப ஏற்றத்தான் வேண்டும். 5.7 பதிப்பில் இருந்து இயல்பான அமைப்பே கண்டிப்பானது. அளவு மீறினால் வெட்டாமல் பிழை காட்டி மறுத்துவிடும்.

வெளியே படம், உள்ளே முகவரி

இரண்டாவது வழி அலமாரி–தட்டு வழி. படங்கள் ஒரு ஃபோல்டரில் சாதாரணக் கோப்புகளாக இருக்கும். ரெக்கார்டில் அந்தக் கோப்பு இருக்கும் இடம் மட்டும் எழுத்தாக இருக்கும். அந்த முகவரிக்குப் பாத் என்று பெயர்.

பெரிய சாஃப்ட்வேர்கள் இதைத்தான் செய்கின்றன. கூகுள் ஷீட்டை வைத்து, ஆப் செய்யும் சேவையான ஆப்ஷீட்டில் ஆப் செய்தவர்கள் ஷீட்டைத் திறந்து பார்த்தால், படக் கட்டத்தில் படம் இருக்காது. ஃபோல்டர் பெயரும் கோப்புப் பெயரும்தான் எழுதியிருக்கும். ஒடூ என்ற வியாபார சாஃப்ட்வேரும் இயல்பாகப் படங்களை டேட்டாபேஸுக்கு வெளியே தனி ஃபோல்டரில்தான் வைக்கிறது.

இந்த வழியில் தவறு நடப்பது பெரும்பாலும் முகவரி எழுதும் விதத்தில். “டி டிரைவ், படங்கள் ஃபோல்டர், 00417” என்று முழு முகவரியையும் ரெக்கார்டில் எழுதிவிடுகிறார்கள். ‘எங்க வீட்டு மாடி ரூம்ல இருக்கு’ என்று அம்மாபேட்டைக்காரர் எழுதிய சீட்டை அஸ்தம்பட்டியில் இருப்பவர் வாங்கிக்கொண்டு தன் வீட்டு மாடியில் தேடுவது போல ஆகிறது கதை. மாடிக் கணினிக்கும் ஒரு டி டிரைவ் இருக்கிறது. அது அங்கே தேடிவிட்டு ‘இல்லை’ என்கிறது. “அதுல தெரியுது, இதுல தெரியல” என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மருந்து எளிது. ரெக்கார்டில் முகவரியின் வால் மட்டும் இருக்கட்டும்: 00417-1 என்ற கோப்புப் பெயரும் அதன் ஜேபிஜி என்ற முடிவும். முன்பகுதி, அதாவது எந்தக் கணினி, எந்த ஃபோல்டர் என்பது, செட்டிங்ஸில் ஒரே ஓர் இடத்தில் இருக்கட்டும். நாளைக்குக் கணினி மாறினால் திருத்த வேண்டியது ஒரே வரி. ரெக்கார்டுகளில் கை வைக்கவே வேண்டாம்.

முன்பகுதியையும் இசட் டிரைவ் என்று எழுதாமல், சர்வரின், அதாவது படங்கள் இருக்கும் பொதுக் கணினியின் பெயரையும், பகிர்ந்த ஃபோல்டரின் பெயரையும் வைத்து எழுதுங்கள். நெட்வொர்க் ஃபோல்டருக்கு இசட் என்று பெயர் வைப்பது, லாகின் செய்தவருக்கு மட்டும் தெரியும் செல்லப் பெயர் மாதிரி. வேறு லாகினில் ஓடும் இரவு நேர ரிப்போர்ட் வேலைக்கு அந்த இசட் தெரியவே தெரியாது. பகலில் படத்தோடு வந்த கேட்லாக், இரவில் தானாக அச்சாகும்போது படமில்லாமல் வருவதற்கு இதுதான் காரணம்.

இதுவரை சொன்னதன் சாரம்: படத்தை மூட்டையாக உள்ளே வைக்கலாம், அல்லது கோப்பாக வெளியே வைத்து முகவரியை உள்ளே வைக்கலாம். உள்ளே வைத்தால் இடமும் அளவு எல்லையும் தொல்லை. வெளியே வைத்தால் முகவரி அறுந்துபோவது தொல்லை.

எது நல்லது?

‘எப்போதும் வெளியேதான்’ என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு, அது முழு உண்மை இல்லை. 2006-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு இதை அளந்து பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. டேட்டாபேஸ் துறை விஞ்ஞானி ஜிம் கிரே அதை எழுதியவர்களில் ஒருவர். அவர்கள் சோதித்த அமைப்பில் 256 கேபிக்குக் குறைந்தவற்றை டேட்டாபேஸுக்குள் வைப்பது நன்றாக வேலை செய்தது, 1 எம்பிக்கு மேற்பட்டவற்றை வெளியே வைப்பது நன்றாக வேலை செய்தது. நடுவில் உள்ளவை பயன்பாட்டைப் பொறுத்தவை. போனுக்குள் ஓடும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸைச் செய்பவர்களும், 10 கேபி அளவு சின்னப் படங்களைத் தனிக் கோப்புகளில் இருந்து படிப்பதைவிட டேட்டாபேஸுக்குள் இருந்து படிப்பது சுமார் 35% வேகம் என்று அளந்து வெளியிட்டிருக்கிறார்கள்.

கொலுசு, சேலை, பாத்திரம் போன்ற வியாபாரத்துக்கு எங்கள் கருத்து: பெரிய படம் வெளியே, பட்டியலில் காட்டும் சின்னப் படம் வேண்டுமானால் உள்ளே. அந்தச் சின்னப் படத்துக்குத் தம்ப்நெயில் என்று பெயர். கடை லோகோ, கையெழுத்துப் படம் போன்ற ஒன்றிரண்டை யோசிக்காமல் உள்ளே வைக்கலாம்.

ஸ்லோ ஆவது ஏன்: காட்டும்போது படம் வீங்கும்

பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

போட்டோ என்பது நிறப் புள்ளிகளின் வரிசை. ஒரு புள்ளி ஒரு பிக்சல். 12 மெகாபிக்சல் போன் படம் என்றால் அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000, ஆக 1.2 கோடி பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். பெருக்கினால் 3.6 கோடி பைட், 36 எம்பி. ஜேபெக் முறை அதை அமுக்கி 4 எம்பியாக மடித்து வைக்கிறது. பட்டுச் சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பது போல. ஆனால் திரையில் காட்ட வேண்டுமென்றால் பிரித்து விரித்துத்தான் ஆக வேண்டும். விரித்தால் மறுபடி 36 எம்பி.

திரையில் அது கட்டை விரல் அளவுக் கட்டத்தில் தெரிந்தாலும் பொதுவாக இதே கதைதான். முழுச் சேலையையும் விரித்துவிட்டுத்தான் தூரத்தில் நின்று பார்க்கிறது கணினி. 30 டிசைன் உள்ள ஒரு பட்டியலுக்கு 30 × 36, அதாவது 1,080 எம்பி நினைவகம். 4 ஜிபி ராம் உள்ள கவுண்டர் கணினி மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

படங்கள் சர்வரில் இருந்தால் இதற்கு முன்னாலேயே தாமதம் தொடங்கிவிடும். 30 × 4, ஆக 120 எம்பி கேபிள் வழியாக வர வேண்டும். 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட், 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) நெட்வொர்க்கில் ஒரு வினாடிக்கு நடைமுறையில் 12 எம்பிக்கு மேல் வராது. பட்டியல் திறக்க 10 வினாடி. எதிரில் வாடிக்கையாளர் நிற்கும்போது 10 வினாடி ரொம்ப நீளம்.

இப்போது அதே படத்தை 300 × 225 பிக்சலுக்குச் சுருக்கித் தனியாக வைத்துக்கொள்வோம். விரித்தால் சுமார் 200 கேபி. 30 படம் சேர்ந்தும் 6 எம்பிதான். அதே கணினி, அதே சாஃப்ட்வேர், பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். ஒடூவின் புதிய பதிப்புகள் ஒரே படத்தை 1,920, 1,024, 512, 256, 128 என்று ஐந்து அளவில் வைத்திருப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு திரைக்கும் தேவையான அளவை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. சிறு கடைக்கு ஐந்து வேண்டாம், இரண்டு போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. படத்தை உள்ளே வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். பல சாஃப்ட்வேர்கள் பட்டியலைத் திறக்கும்போது ‘இந்த டேபிளின் எல்லா ஃபீல்டும் வேண்டும்’ என்று கேட்கின்றன. எண்ணும் எடையும் போதுமான இடத்திலும் மூட்டை கூடவே வருகிறது. புரோகிராமரிடம் ‘பட்டியலுக்குப் பட ஃபீல்டைக் கேட்காதீங்க, படத்தைத் தனி டேபிளில் வையுங்க’ என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

ஆக, வேகம் என்பது சேமிக்கும் இடத்தைவிட, காட்டும் படத்தின் பிக்சல் அளவையே அதிகம் பொறுத்தது.

செய்யும் முறை

போனில் எடுத்த மூலப் படத்தை நேராக ஏற்ற வேண்டாம். அதைத் தனி ஹார்ட் டிஸ்கில் வைத்துவிடுங்கள், அச்சுக் கேட்லாக்குக்கு ஒருநாள் தேவைப்படும். கடை சாஃப்ட்வேருக்கு இரண்டு நகல் செய்யுங்கள். நீளப் பக்கம் 1,200 பிக்சல் உள்ளது ஒன்று, ஜேபெக் தரம் 80 வைத்தால் சுமார் 200 கேபி வரும். நீளப் பக்கம் 300 பிக்சல் உள்ளது இன்னொன்று, சுமார் 15 கேபி. முன்பு 18 ஜிபி கேட்ட அதே 4,500 படங்கள் இப்போது பெரியவை 900 எம்பி, சின்னவை 70 எம்பிக்குள். வெள்ளிக்குத் தரத்தை 80-க்குக் கீழே இறக்கினால் முத்து வேலைப்பாடு குழைந்துபோகும். சேலையின் ஜரிகைக்கும் அதே கதி.

கோப்புக்குப் பொருளின் எண்ணையே பெயராக வையுங்கள். ‘தீபாவளி புது மாடல்’ என்ற பெயர் பொங்கலுக்கு நிற்காது. ஆங்கில எழுத்து, எண், கழித்தல் கோடு தவிர வேறெதுவும் வேண்டாம். தமிழில் பெயர் வைத்தால் பழைய சாஃப்ட்வேர்கள் வரிசையாகக் கேள்விக்குறிகளைக் காட்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் கலப்பும் கூடாது. விண்டோஸ் கணினி இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். வெப்சைட் ஓடும் லினக்ஸ் சர்வர் இரண்டையும் வேறு கோப்பாகப் பார்க்கும், கடையில் தெரியும் படம் வெப்சைட்டில் காணாமல் போகும்.

ஒரு பொருளுக்குப் பல படம் வரும் என்பதை முதல் நாளே எதிர்பாருங்கள். படம்1, படம்2, படம்3 என்று மூன்று ஃபீல்டு வைத்தால், முந்தானை, பார்டர், உடல் மூன்றும் போனபின் மடித்த நிலைக்கு இடம் இருக்காது. படங்களுக்கென்று தனி டேபிள் போடுங்கள். பொருள் எண், வரிசை எண், கோப்புப் பெயர், எந்தக் கோணம் என்று நாலு ஃபீல்டு. ஒரே சேலை ஆறு நிறத்தில் வந்தால், படம் நிறத்தோடு சேர வேண்டும், டிசைனோடு அல்ல. இதைத் தவறவிட்டால் வாடிக்கையாளர் பச்சையைப் பார்த்துக் கேட்பார், பார்சலில் மெரூன் போகும்.

ஏற்றும்போது முதலில் கோப்பு ஃபோல்டருக்குள் போய்ச் சேரட்டும், பிறகு முகவரி ரெக்கார்டில் ஏறட்டும். அழிக்கும்போது தலைகீழ்: முதலில் முகவரி, பிறகு கோப்பு. நடுவில் கரண்ட் போனால்கூட, யாரும் கேட்காத ஒரு கோப்பு மிஞ்சும், அவ்வளவுதான். வரிசை மாறினால் முகவரி இருக்கும், படம் இருக்காது.

ஒரு படத்தை மாற்றும்போது பழைய பெயரிலேயே போடாதீர்கள். வாடிக்கையாளரின் போன், முன்பு பார்த்த படத்தை அந்தப் பெயரோடு சேர்த்துத் தன்னிடம் வைத்திருக்கும். புதியது வந்தாலும் பழையதையே காட்டும். 00417-1-ஐ நீக்கிவிட்டு 00417-1-2 என்று புதுப் பெயர் கொடுங்கள்.

போனில் இருந்தே வரும் தொல்லைகள்

படம் படுத்துக்கொண்டு தெரிந்தால் அது கேமராவின் குறிப்பு. போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் பிக்சல்களைப் படுக்கையாகவே எழுதி, ‘திருப்பிக் காட்டவும்’ என்று எக்ஸிஃப் என்ற குறிப்பைக் கூடச் சேர்க்கின்றன. அந்தக் குறிப்பைப் படிக்காத சாஃப்ட்வேரில் கொலுசு படுத்துக்கொள்ளும். சுருக்கும்போதே படத்தை நிஜமாகத் திருப்பிச் சேமித்துவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

அதே எக்ஸிஃப் குறிப்பில் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம். சேலத்தில் கொலுசு வேலை பல வீடுகளிலேயே நடக்கிறது. வெள்ளி இருக்கும் வீட்டின் இருப்பிடத்தை வெப்சைட்டில் போடும் படத்தோடு ஊருக்கே கொடுப்பது ஆபத்து. கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிடுங்கள், சுருக்கும்போது எக்ஸிஃப் முழுவதையும் நீக்கிவிடுங்கள்.

ஐபோன் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-இல் இருந்து ஹெய்க் என்ற வடிவில் சேமிக்கிறது. பல கடை சாஃப்ட்வேர்கள் அதைத் திறக்காது. ஜேபெக்காக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். கோப்புப் பெயரின் முடிவை மட்டும் ஜேபிஜி என்று திருத்தினால் மாறாது, உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும். பட்டறையில் இருந்து வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் வழியில் சுருக்கப்பட்டு வருபவை. மூலப் படம் வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் எக்ஸிஃப் குறிப்பும் கூடவே வரும் என்பது நினைவிருக்கட்டும்.

ஏற்காட்டில் காபியும் மிளகும் விற்கும் கடைக்கு, கீழே சேலத்தில் சர்வர் இருந்தால், சிக்னல் நின்று நின்று வரும் நேரத்தில் படம் வராது. தம்ப்நெயில்களை மட்டும் மலைக் கடைக் கணினியிலேயே ஒரு நகல் வைத்தால் போதும், பில் போடுவது நிற்காது. படம் கிடைக்காதபோது பிழைச் செய்தி வந்து திரையை மறிக்காமல் ‘படம் இல்லை’ என்ற பொதுப் படம் ஒன்று வந்து நிற்குமாறு அமைக்கச் சொல்லுங்கள்.

பேக்கப்

வெளியே வைக்கும் வழியில் பெரிய நஷ்டம் வருவது இங்கேதான். சாஃப்ட்வேரில் இருக்கும் பேக்கப் பட்டன் பெரும்பாலும் டேட்டாபேஸை மட்டும் நகல் எடுக்கும், பட ஃபோல்டரைத் தொடாது. ஹார்ட் டிஸ்க் போன பிறகு மீட்டால் எண்ணும் எடையும் எல்லாம் சரியாக வரும், 4,500 இடத்திலும் ‘படம் இல்லை’ என்று நிற்கும்.

இரண்டையும் ஒரே நாளில் எடுங்கள், முதலில் டேட்டாபேஸ், அடுத்து ஃபோல்டர். அப்படி எடுத்தால், இடையில் யாராவது புதுப் படம் ஏற்றியிருந்தாலும் ஃபோல்டரில் ஒரு கோப்பு கூடுதலாக இருக்குமே தவிர, படமில்லாத முகவரி இருக்காது. இடையில் அழிப்பது இதைக் கெடுத்துவிடும் என்பதால், நீக்கிய படங்களை உடனே அழிக்காமல் ஒரு மாதம் தனி ஃபோல்டரில் போட்டு வைக்கலாம். மாதம் ஒருமுறை கோப்பில்லாத முகவரி எத்தனை, முகவரியில்லாத கோப்பு எத்தனை என்று இரண்டு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். முதல் பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

எடுத்த பேக்கப்பை, கடை நெட்வொர்க்கில் இல்லாத வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். செட்டிங்ஸில் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு, பழையதும் புதியதுமாகப் பத்து எண்களைத் திறந்து பாருங்கள். 00417-இல் திருகாணியில் இருந்து கடைசிச் சலங்கை வரை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.